முப்பத்தெட்டு நிமிடம்

ஆல்டர்வியர் எங்கே இருக்கிறது என்றால்
எவரும் திசை சொல்வதில்லை.
லண்டனுக்கு முப்பத்தெட்டு நிமிடம் என்பார்கள்.
வீட்டுத் தரகரின் கண்ணாடியிலும்
ஆற்றின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அதுதான்.

பதினோரு வருடமாக இந்த ஊரில் தூங்குகிறேன்.
வசிக்கிறேன் என்று படிவங்களில் எழுதுகிறேன்.

ஆறு ஐம்பத்திரண்டு ரயிலுக்கு
நடைமேடையில் அவரவர்க்கு ஓர் இடம்.
எந்தக் கதவு எங்கே வந்து நிற்கும் என்பதை
யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.
மஞ்சள் கோட்டில் மூன்றாவது விரிசல் என்னுடையது.
நான்காவது விரிசல்காரரின் பெயர் தெரியாது,
இருமலைத் தெரியும்.
போன மார்ச்சில் அது கொஞ்சம் ஆழமானபோது
விசாரிக்கலாமா என்று நினைத்தேன்.
ரயில் வந்துவிட்டது.

பாலத்தைக் கடக்க நான்கு நொடி.
குளிர்காலத்தில் அதுவும் இருட்டு.
சன்னலில் என் முகம்,
அதற்கு அடியில் எங்கேயோ ஆறு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ராத்திரி முழுக்க மழை.
ஆறு சுரங்கப்பாதைக்குள் இறங்கி
பயணச்சீட்டு வாங்காமல்
இரண்டாம் நடைமேடையின் படியில் ஏறி நின்றது.
முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிய கிளைவ் ஹாட்டர்ஸ்லி
பலகையில் 'இன்று ரயில் இல்லை' என்று எழுதிவிட்டு
கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து
மேலே 'மன்னிக்கவும்' என்று செருகினார்.

மடிக்கணினிப் பைகளோடு நூற்றுச் சொச்சம் பேர்
சொந்த ஊருக்குள் நடந்தோம்,
விருந்தாளிகள் மாதிரி.

சனி ஞாயிறுக்கு இந்த ஊர் உடுத்துவது வேறு.
செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அது
வீட்டு உடையில் இருந்தது.
செவ்வாய் மட்டுமே திறக்கும் நூலகம் திறந்திருந்தது.
அப்படி ஒன்று இருக்கிறதா!
மீன் வறுவல் கடை வாசலில் ஒருவர் வாளிமேல் உட்கார்ந்து
மலைபோல உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
படகுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அன்னங்கள்
கார் நிறுத்துமிடத்தில் கட்டணம் செலுத்தாமல்.

மதுக்கடைச் சுவரில் பித்தளைக் கோடுகள்,
எந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று.
நாற்பத்தேழு என் தோளுக்கு வருகிறது.
நான் குடித்த எந்த வெள்ளிக்கிழமையும்
அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏய், உயரமானவரே, அந்த மூட்டையைப் பிடியுங்கள்."
ஊதா மழைக்கோட்டில் பெரில் டன்ஸ்டன்,
எழுபது வயதிருக்கும்,
மணல் மூட்டை வரிசைக்கு அவர்தான் தளபதி.
"நீங்கள் வில்லோ சந்து முப்பத்தாறுதானே?
உங்கள் நாய் மத்தியானம் இரண்டு மணிக்கு அழும்."

எனக்குத் தெரியாது என்றேன்.
"எப்படித் தெரியும்" என்றார், குற்றம் சாட்டாமல்.
"கடிதம் போடும் துவாரம் வழியாகப் பேசுவேன்.
என்ன பேசுவது? ரேடியோவில் கேட்ட செய்தியைச் சொல்வேன்.
வட்டி விகிதம் என்றால் உடனே அடங்கிவிடும்."

மூட்டை கைமாறிக் கைமாறி வந்தது.
முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல்.
திரும்பாமலே தெரிந்தது.
மெர்வின் என்றார் அவர்.
அவருடைய வீட்டுக்குத்தான் அந்த மணல்
என்பது பிறகுதான் புரிந்தது.
நாலு மணிக்கு அவருடைய சமையலறையில் கணுக்கால் தண்ணீர்.
நாங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கினோம்,
அதன் கதவில் போன மார்ச் தேதியிட்ட
மருத்துவமனைச் சீட்டு ஒன்று காந்தத்தில் தொங்கியது.
இரண்டு பேரும் அதைப் பார்க்காதது மாதிரி
படிக்கட்டில் ஏறினோம்.

வியாழக்கிழமை ரயில் ஓடியது.
மூன்றாவது விரிசலில் நான்.
நான்காவதில் மெர்வின், புது செருப்போடு,
பழையது இன்னும் காயவில்லையாம்.
அதற்குமேல் பேச என்ன என்று தெரியாமல்
கிளைவின் பலகையைப் பார்த்தோம்.
'மன்னிக்கவும்' மட்டும் அழிபடாமல் இருந்தது.

பதினான்காம் மாடி. இரண்டு மணிக் கூட்டம்.
திரையில் ஒரு கோடு ஏறுகிறது, இறங்குகிறது.
வட்டி விகிதம் என்கிறார் யாரோ.
நான் அடங்கி உட்கார்ந்திருக்கிறேன்.